பெட்டி நம்முடையது, சாவி யாருடையது?

நான் படிப்பது பி.காம். மைக்ரோஸ்கோப்பைக் கடைசியாகத் தொட்டது பள்ளிக்கூடத்தில், வெங்காயத் தோல் பார்க்க. "உனக்கு இதில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான். ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா தாவரவியலில் ஆராய்ச்சி செய்கிறார். இரண்டு வருடமாக வேர்த் திசுக்களைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருந்தார். ஆய்வேடு எழுத உட்கார்ந்தபோதுதான் வினை. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு படம்கூடத் திறக்கவில்லை. கருவியை விற்ற கம்பெனி தனக்கென்று தனி ஃபைல் வடிவம் வைத்திருக்கிறது. அதைத் திறக்கும் மென்பொருள் ஆய்வகத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் உண்டு. அதுவும் படுத்துவிட்டது. "தம்பி, உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, கொஞ்சம் பாரேன்" என்று பென் டிரைவை நீட்டினார்.

நான் செய்த முதல் வேலை, ஃபைல் பெயரின் வாலை வெட்டி ஜேபெக் என்று மாற்றியது. சிரிக்காதீர்கள். சட்டையை மாற்றினால் ஆள் மாறுவானா? திறக்கவில்லை.

பிறகு தேடியதில் கிடைத்தது ஃபிஜி. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் உருவான இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளை, கூடுதல் கருவிகளோடு சேர்த்துக் கட்டிய மூட்டை இது. அதற்குள் பயோ-ஃபார்மேட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. 150க்கும் மேற்பட்ட வடிவங்களைப் படிக்கும். அக்காவின் ஃபைலை இழுத்துப் போட்டேன், திறந்துவிட்டது!

உடனே எல்லாவற்றையும் ஜேபெக்காக மாற்றித் தருகிறேன் என்றேன். அக்கா பதறிவிட்டார். அந்தப் படங்கள் 16 பிட். ஒவ்வொரு புள்ளிக்கும் 65,536 அளவு வெளிச்சம் சாத்தியம். சாதாரண ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256தான். ஒரு புள்ளி எத்தனை மைக்ரான் என்ற குறிப்பும் மூல ஃபைலுக்குள்தான் இருக்கிறது. அது தொலைந்தால் செல்லின் நீளத்தை எதை வைத்து அளப்பது? அதனால் படத்தையும் குறிப்புகளையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும் ஓஎம்இ-டிஃப் வடிவத்துக்கு மாற்றினோம். மூல ஃபைலையும் அழிக்கவில்லை. லெட்ஜரில் ஏற்றிவிட்டோம் என்று வவுச்சரைக் கிழித்துப் போடுவோமா?

நம் வகுப்பும் இதற்குத் தப்பவில்லை. புராஜெக்டுக்கு எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஏற்றிய சர்வே ஃபைலை பிஎஸ்பிபி என்ற இலவச மென்பொருள் திறக்கும். ஆனால் அதை வெறும் எண்களாக சிஎஸ்வியில் சேமித்தால் 1, 2 மட்டும் மிஞ்சும். 1 ஆணா பெண்ணா என்ற விவரம் போய்விடும். அதைத் தனியாக எழுதி வையுங்கள்.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். ஒரு பொருளை விட்டு இன்னொன்றுக்கு மாற ஆகும் செலவை ஸ்விட்சிங் காஸ்ட் என்று படிக்கிறோம். அந்தச் செலவு ஏற ஏற வாடிக்கையாளர் அசைய முடியாது. பூட்டிய ஃபைல் செய்வது அதைத்தான். கருவிக்குக் காசு கொடுத்தது ஒருவர், கண் வலிக்கப் படமெடுத்தது அக்கா, சாவி மட்டும் கம்பெனியிடம்.

கம்பெனி பக்கமும் நியாயம் உண்டு. வேகத்துக்காகவும் கருவியின் தனி வசதிகளுக்காகவும் சொந்த வடிவம் தேவைப்படலாம். வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அதன் அமைப்பை வெளியிட வேண்டும், அல்லது எதுவும் தொலையாமல் பொது வடிவத்துக்கு மாற்றும் வழியைத் தர வேண்டும்.

முடியாத காரியம் இல்லை. வானியல்காரர்கள் 1981-லேயே ஃபிட்ஸ் என்ற பொது வடிவத்தை வெளியிட்டார்கள். 1982-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் அதை ஏற்றது. அதன் தலைப்புக் குறிப்புகள் வெறும் எழுத்தாகவே இருக்கும். புதிய மாற்றம் எதுவும் பழைய ஃபைலைச் செல்லாததாக்கக் கூடாது என்பது அவர்கள் விதி.

இலவச மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு பூட்டையும் நமக்காக உடைத்துக்கொண்டே இருக்க முடியாது. கேட்க வேண்டிய நேரம் கருவி வாங்கும்போதுதான். டெண்டரில் ஒரே ஒரு வரி போதும்: "உங்கள் மென்பொருள் இல்லாமலும் எங்கள் ஃபைல் திறக்க வேண்டும்." செக்கில் கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் யார் மதிப்பார்கள்?

நாளைக்கு அந்தச் செக்கில் கையெழுத்துப் போடும் நாற்காலியில் உட்காரப் போவது நம்மைப் போன்ற காமர்ஸ்காரர்கள்தான். அதனால்தான் இதில் எனக்கு வேலை இருக்கிறது.