முதலில் டயர், பிறகு ஸ்பிரிங்

ஜிம்னி வாங்கிய கையோடு பலர் இரண்டு அங்குல லிஃப்ட் கிட்டைப் பூட்டிவிடுகிறார்கள். டயரைப் பற்றி அப்புறம்தான் யோசனை. இந்த வரிசை தலைகீழானது. ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் ஆக்சில். உயரமான ஸ்பிரிங் போட்டால் பாடிதான் மேலே போகும். பாறையில் இடிக்கிற டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும், அதுவும் விட்டம் கூடியதில் பாதியளவு. கம்பெனி தரும் 195/80 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 693 மி.மீ.; 235/75 ஆர்15 போட்டால் 733. ஆக, கிடைப்பது 20 மி.மீ. அந்த டயர் உரசாமல் ஏறி இறங்க எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு லிஃப்ட் போதும். அதற்கு மேல் ஏற்றினால் காஸ்டர் கோணம் குறைந்து, வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாக நேராகாது. பேனார்ட் ராடு ஆக்சிலை ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் ஹோஸ் விறைக்கும். இவற்றைச் சரிசெய்யாத வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. பழைய டயரில் 80 ஓடிய அதே முள்ளளவில் பெரிய டயரில் வண்டி ஏறக்குறைய 85இல் ஓடும் என்பதும் பலருக்குத் தெரியாது. மட் டெரெய்ன் டயர் சேற்றுக்கு அருமை. நனைந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால் நிற்க அதிக தூரம் எடுக்கும். வாரம் முழுக்க ஊருக்குள் ஓட்டுபவருக்கு ஆல் டெரெய்னே சரி. மணலில் காற்றைக் கொஞ்சம் இறக்கினாலே பிடிப்பு கூடிவிடும். திரும்ப ஏற்ற ஒரு சிறிய கம்ப்ரெஸர் வேண்டும். லிஃப்ட் கிட்டுக்கு முன்னால் வாங்க வேண்டியது அதைத்தான்.