'டி.சி வாங்கிக்கோங்க' என்கிறதா பள்ளி? சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர் கவனத்துக்கு!

"உங்க பையன் ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கிறான். மத்த பிள்ளைங்களுக்கும் தொந்தரவா இருக்கு. வேற ஸ்கூல் பார்த்துக்கோங்களேன், மேடம்!"

ஆட்டிசம், டிஸ்லெக்ஸியா போன்ற பிரச்னைகள் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்குப் பழக்கமான வார்த்தைகள் இவை. அவமானமும் கோபமுமாக, அங்கேயே டி.சி கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டு வருபவர்களும் உண்டு. அந்த இடத்தில்தான் சறுக்கிவிடுகிறது. பள்ளிதான் வெளியேறச் சொன்னது என்பதற்கு எந்தச் சான்றும் மிஞ்சாது. பெற்றோரே விரும்பிக் கேட்டதாகத்தான் காகிதம் சொல்லும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும், டிஸ்லெக்ஸியா அடங்கிய கற்றல் குறைபாடும் அதில் உண்டு. அரசு நிதி பெறும் பள்ளிகள் மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் இந்தக் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்து, தேவைக்கேற்ற வசதிகளைச் செய்துதர அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அதன் 16-வது பிரிவு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம், மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவை 17-வது பிரிவில் வருகின்றன.

என்ன செய்யலாம்?

* முதலில் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். 40 பிள்ளைகளைச் சமாளிக்கும் அவருடைய சிரமமும் நிஜம். 'எந்த நேரத்தில், எந்தப் பாடத்தில் பிரச்னை வருகிறது?' என்று கேளுங்கள்.

* பள்ளியில் சிறப்பு ஆசிரியர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021-ல் வலியுறுத்தியது.

* தேவையைக் குறிப்பாகக் கேளுங்கள். 'நல்லா பார்த்துக்கோங்க' என்பதைவிட, 'முதல் வரிசையில் இடம், தேர்வில் கூடுதல் நேரம்' என்பது பள்ளிக்கும் புரியும். மருத்துவச் சான்றிதழ் நகலையும் இணையுங்கள்.

* பேசி முடித்ததும், பேசியதைக் கடிதமாக எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள்.

* 'சேர்க்க முடியாது', 'வெளியே போங்கள்' என்றால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதுவரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

பள்ளி மசியவில்லையா?

மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுக்கலாம். அடுத்த கதவு, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். சம்மன் அனுப்பி விசாரிக்க அவருக்கு சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. அவர் தருவது பரிந்துரைதான். ஆனாலும், அதை ஏற்காவிட்டால் 3 மாதங்களுக்குள் காரணம் சொல்லியாக வேண்டும். இங்கெல்லாம் உங்களுக்காகப் பேசப்போவது, கையெழுத்து வாங்கி வைத்த அந்த நகல்கள்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம். எவ்வளவு சண்டை போட்டாலும், நாளைக் காலையில் குழந்தை அதே டீச்சரிடம்தான் போய் உட்கார வேண்டும். அதனால் கடிதம் கறாராக இருக்கட்டும். பேச்சு தன்மையாகவே இருக்கட்டும்!