முதலாவது நித்திரை



ஊரிலிருக்கும் பெற்றோரோடு தொலைபேசியில் பேசும்போது, "சாப்பிட்டீர்களா? மாத்திரை இருக்கிறதா?" என்று தவறாமல் கேட்கிறோம். "இராத்திரி தூங்கினீர்களா? வலி எத்தனை முறை எழுப்பியது?" என்று கேட்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? பாலக்காடு மாவட்டத்து நல்லேப்பிள்ளி போன்ற ஊர்களிலிருந்து கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் பிழைப்பைத் தேடி வந்த பிள்ளைகள் அநேகர். வயலில் குனிந்து குனிந்து முதுகும் முழங்காலும் தேய்ந்த தாய்மார் அங்கேயே இருக்கிறார்கள். விசாரித்தால், "ஏதோ இருக்கிறேன், ஜெபித்துக்கொள்" என்று முடித்துவிடுகிறார்கள். விளக்கை அணைத்தபின் அந்த வீட்டில் நடப்பது நமக்குத் தெரிவதில்லை.

இராத்திரியில் வலி பெருகுவது வெறும் மனப்பிரமை அல்ல. பகலில் வேலையும் பேச்சும் நம் கவனத்தை இழுத்துக்கொள்கின்றன. இரவிலோ வலி ஒன்றே துணையாகிறது. அசையாமல் படுத்திருப்பதால் மூட்டுகள் இறுகுகின்றன. அழற்சியை அடக்கும் கார்டிசோல் என்னும் சுரப்பு நள்ளிரவை ஒட்டி மிகவும் குறைந்துபோகிறது. தூக்கம் கெட்ட சரீரம் மறுநாள் அதே வலியை இன்னும் கூர்மையாய் உணருகிறது. அந்த வலி அடுத்த இராத்திரியையும் கெடுக்கிறது. இந்தச் சுழற்சியை எங்காவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும்.

எங்கே அறுப்பது? உலக சுகாதார நிறுவனம் 1986 ஆம் ஆண்டு புற்றுநோய் வலிக்கென்று வெளியிட்ட வழிகாட்டி இதற்கு ஓர் ஒழுங்கைக் காட்டுகிறது. முதலாவது, நோயாளி இராத்திரியில் வலியின்றித் தூங்க வேண்டும். இரண்டாவது, ஓய்ந்திருக்கும்போது வலி நீங்க வேண்டும். மூன்றாவதே, எழுந்து நடக்கையில் வலி நீங்குவது. கவனித்தீர்களா? வலியெல்லாம் தீர்ந்தபின் கிடைக்கும் பரிசாக நித்திரையை அவர்கள் எண்ணவில்லை. அதையே முதற்படியாக வைத்தார்கள். 1967 இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், வலி திரும்பி வந்து நோயாளி கதறும்வரை காத்திராமல், கடிகாரத்தைப் பார்த்து அடுத்த வேளை மருந்தைக் கொடுக்க வேண்டும் என்று கற்பித்தார்.

நம் தேசத்திலே அபினிச் செடி அரசு அனுமதியோடு பயிராகிறது. ஆயினும் 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து, அதிலிருந்து எடுக்கும் மார்ஃபினை வைத்திருக்கவே அநேக மருத்துவமனைகள் தயங்கின. அக்காலத்தில், 1993 இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் வலி நிவாரணச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அந்த வேலை தன்னார்வலர்களால் கேரளமெங்கும் பரவிற்று. 2008 இல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. 2014 இல் மத்திய சட்டமும் தளர்த்தப்பட்டது. இன்று கேரளத்துப் பஞ்சாயத்துகளில் பாலியேட்டிவ் நர்ஸ் வீடு தேடி வருகிறார். புற்றுநோயாளிக்கு மாத்திரமல்ல, பக்கவாதத்தாலும் முதுமையாலும் படுக்கையானவர்களுக்கும் இந்த உதவி உண்டு. உங்கள் வீட்டிலும் அப்படிப்பட்டவர் இருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆஷா பணியாளரிடமோ பெயரைக் கொடுத்துவையுங்கள்.

நம்மிடையே ஒரு தயக்கம் உண்டு. வலியை வெளியே சொன்னால் விசுவாசம் குறைந்தவன் என்பார்களோ, மருந்து கேட்டால் ஜெபத்தை விட்டுவிட்டான் என்பார்களோ என்று மூத்த விசுவாசிகள் அஞ்சுகிறார்கள். யோபு பக்தன் விடியலுக்காக ஏங்கிப் புரண்ட இராத்திரிகளைச் சிநேகிதரிடம் மறைக்கவில்லையே! அவன் வாய் திறந்தது குற்றமாகவில்லை. அவன் வலிக்குப் பாவமே காரணம் என்று வாதாடிய சிநேகிதர்தான் கடிந்துகொள்ளப்பட்டார்கள். பவுலோடு ஊழியப் பயணத்தில் இருந்த லூக்கா ஒரு வைத்தியன். ஜெபமும் மருந்தும் ஒரே தலையணைக்கருகே இருக்கலாம்.

வீட்டிலே செய்யத்தக்கவை சில. ஒருக்களித்துப் படுக்கிறவர் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துக்கொள்ளட்டும். மல்லாந்து படுக்கிறவர் முழங்காலுக்குக் கீழே வைக்கட்டும். தோள்வலி உள்ளவர் அந்தப் பக்கமாய்ப் படுக்கலாகாது. சாயங்காலத்துக்குமேல் காபி, தேநீர் வேண்டாம். பகல் தூக்கம் அரைமணியைத் தாண்டவேண்டாம். படுக்குமுன் மிதமான வெந்நீர் ஒற்றடம் இறுகிய தசைகளுக்கு இதம் தரும். எந்த மருந்தை எந்த மணிக்கு எடுத்தால் இரவு முழுவதும் தாங்கும் என்று வைத்தியரிடமே கேளுங்கள். கடையில் தானாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் நாளடைவில் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். தூக்க மாத்திரையோ வலியைத் தீர்ப்பதில்லை. முதியோரைத் தடுமாறி விழச்செய்வதும் உண்டு.

சில வலிகளுக்கு விடியும்வரை காத்திருக்கலாகாது. நெஞ்சை அழுத்திக் கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, முதுகுவலியோடு கால் மரத்துச் சிறுநீர் கட்டுப்படாமற் போவது, இவை உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டியவை. காய்ச்சலோ எடை குறைவோ சேர்ந்து, இரவுதோறும் எழுப்புகிற வலியையும் தாமதமின்றிக் காட்டவேண்டும்.

ஆகையால் பிரியமானவர்களே, இந்த வாரம் ஊருக்குப் பேசும்போது அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். "தூங்கினேன்" என்ற பதிலோடு விட்டுவிடாமல், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், வலி எங்கே எழுப்பியது என்று கேட்டு எழுதிவையுங்கள். ஏழு நாளின் குறிப்பு கையில் இருந்தால் வைத்தியருக்கு அது பெரிய உதவி. தன் இராத்திரியைக் குறித்துக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று அறிவதே, தனியே விழித்திருக்கும் தாய்க்கு ஆறுதலாகும். உங்கள் வீட்டாரின் இராத்திரிகள் இளைப்பாறுதலின் இராத்திரிகளாய் இருப்பதாக!