தொலைக் கிளையின் குரல்

கொழும்பிலிருந்து மலையேறி வரும் புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டியது. இன்றளவும் அதற்கப்பால் செல்லவில்லை. பாதை முடியும் அவ்விடத்திலிருந்து பசறை, லுணுகலை, மடுல்சீமை எனத் தோட்டங்கள் மேலும் விலகிச் செல்கின்றன. தலைநகருக்கு நாம் தொலைவு. நமக்கும் தொலைவில் இருப்போர் உளர். இத்தொலைவைப் பற்றி எண்ண என்னைத் தூண்டியது மூளையைப் பற்றிய விஞ்ஞானச் செய்தி ஒன்று என்றால் வாசகர் வியப்புறக்கூடும்.

மூளையின் உட்புறத்தே, நினைவுகளை உருவாக்குவதில் பெரும்பங்கு கொள்ளும் பகுதி ஒன்றுண்டு. வடிவொப்புமை கருதி அதற்குக் கடற்குதிரையின் பெயரை இட்டனர் மேனாட்டார். அங்குள்ள நரம்புக் கலத்தை உருப்பெருக்கியில் காண்போர்க்கு அது ஒரு மரம் போலவே தோன்றும். கலவுடலிலிருந்து மெல்லிய கிளைகள் பிரிந்து பிரிந்து பரவியிருக்கும். எலியின் கலமொன்றில் கிளர்ச்சியூட்டும் இணைப்புகள் மட்டுமே ஏறத்தாழ 30,000 உள. ஒவ்வோர் இணைப்பும் எழுப்புவது சிறியதொரு மின்மாற்றம். அவையெல்லாம் கலவுடலை நோக்கி வந்து கூடுகின்றன. கூட்டுத்தொகை ஓர் எல்லையைக் கடந்தால் கலம் தன் செய்தியை மேலே அனுப்பும், கடவாவிடில் வாளாவிருக்கும்.

ஆனால் வரும் வழியில் மின்மாற்றம் கசிந்து தேய்கின்றது. அங்ஙனமாயின், அருகிலுள்ள இணைப்பே ஆட்சி செய்ய, தொலைவிலுள்ளது ஊமையாகிவிட வேண்டுமன்றோ? 2000ஆம் ஆண்டில் ஜெஃப்ரி மாகீ, எரிக் குக் என்னும் ஆய்வாளர் இருவர் எலியின் கலங்களில் அளந்து கண்டது வேறு. முதன்மைக் கிளையில் தொலைவு மிகமிக, இணைப்பு எழுப்பும் மின்மாற்றமும் அவ்விடத்தே பெரிதாயிருந்தது. ஆகவே கலவுடலை வந்தடையும்போது, அண்மையும் சேய்மையும் ஏறத்தாழ ஒரே அளவினவாயின. இக்கிளைகள் வெறும் குழாய்களும் அல்ல. மின்னோட்டத்தைத் திறந்தும் அடைத்தும் ஆளும் நுண்வாயில்கள் அவற்றில் உள. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ரிஷிகேஷ் நாராயணனும் அவர்தம் மாணவரும் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருவது இவற்றைப் பற்றியே.

எல்லா இணைப்புக்கும் இந்த ஈடு முழுமையாகக் கிட்டுவதில்லை. நுனிக்கிளையின் தனிக்குரல் வழியிலேயே தேய்ந்துவிடும். அங்கே பல குரல்கள் ஒருங்கே எழுந்தால் ஒரு மின்வீச்சுப் பிறக்கும். அதுவும் பெரும்பாலும் இடைவழியில் அவிந்துபோகும். ஆனால் இடைக்கிளைகளும் அவ்வேளையில் சிறிது கிளர்ச்சியுற்றிருந்தால், அவ்வீச்சுக் கலவுடலைச் சென்றடையும். இதனை 2005இல் நெல்சன் ஸ்பிரஸ்டனும் குழுவினரும் காட்டினர்.

நிற்க. நரம்புக் கலம் அறம் உரைப்பதில்லை. அதைக் கொண்டு அரசுக்கு விதி வகுப்பது பிழை. ஆயினும் உவமையாகக் கொள்ளத் தடையில்லை. சமமாகக் கேட்கப்படுவதற்குச் சமமாகக் கொடுத்தல் போதாது என்பது என் துணிபு.

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டத்துக்கெனப் பங்குண்டு. பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றென்ற சலுகையும் பதுளைக்கு உண்டு. நன்று. ஆனால் அவ்வளவுகோல் மாவட்ட எல்லையோடு நின்றுவிடுகிறது. ஆய்வுகூடமும் தனியார் வகுப்பும் அருகிலிருக்கப் படிக்கும் நகரத்து மாணவனும், லயக் காம்பராவிலிருந்து மலைப்பாதையில் நடந்து வரும் தோட்டத்து மாணவியும் அதன் கண்ணில் ஒருவரே. ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் பதுளையிலேயே எழுந்தது. அதன் வாயிலை அம்மாணவி அடைய வேண்டுமாயின், கணித, விஞ்ஞான ஆசிரியர் முதலில் அனுப்பப்பட வேண்டியது அவள் பாடசாலைக்கே. இறுதியில் எஞ்சுவோரை அங்கு அனுப்பும் வழக்கம் ஒழிதல் வேண்டும்.

அரசைக் குறைகூறி முடித்துவிட என் மனம் ஒப்பவில்லை. பதுளை நகரத்து ஆசிரியரும் மாணவரும் இலக்கிய அன்பரும் ஆகிய நாமே இடைக்கிளைகள். ஆண்டுக்கொரு விழாவில் மலையகத்தின் துயரைப் பேசிக் கைதட்டிக் கலைவதோடு நம் கடன் தீர்ந்ததாகாது. மாதத்தில் ஒரு சனிக்கிழமையைத் தோட்டத்துப் பிள்ளைகளின் கணித பாடத்துக்குக் கொடுக்கும் ஆசிரியர் பெரும் புரட்சி எதுவும் செய்துவிடவில்லை. சிறிது கிளர்ச்சியுற்றார், அவ்வளவே. நுனியில் எழுந்த குரல் மையத்தைச் சென்றடைய அச்சிறிதே வேண்டியிருக்கிறது.