மெஷினைக் கழற்றுமுன் மின்சாரத்தைப் பாருங்கள்

பாத்திரம் கழுவும் மெஷின் பாதியில் நின்றால் ஏச்சு வாங்குவது விற்ற கடைக்காரர்தான். வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். பன்வில போன்ற மலைப்பகுதியில், டிரான்ஸ்போமருக்குத் தூரமான வீட்டில் மாலை ஆறரைக்குப் பின் அது 200க்கு இறங்கினால், தண்ணீர் சூடாக்கும் ஹீட்டரின் வலு கால்வாசி குறைந்துவிடும். கழுவி முடிய நேரமெடுக்கும். சில மெஷின்கள் பிழை காட்டி நின்றுவிடும். 2000 வொட் ஹீட்டருக்கு ஏறக்குறைய 9 அம்பியர் வேண்டும். அதை 5 அம்பியர் பிளக்கில் மாட்டுபவர்களும் இருக்கிறார்கள், பிளக் கருகாமல் என்ன செய்யும்?

எல்லோர் தலையிலும் ஸ்டெபிலைசரைக் கட்டுவது நேர்மையான வியாபாரமல்ல. மெஷினை இறக்குமுன் மாலையில் வயர்மேனை அனுப்பி, மின்கேத்தலைப் போட்டு வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள். அந்த வீட்டில் மட்டும் குறைந்தால் வயரிங்கைப் பார்க்கவேண்டும். அயல் வீடுகளிலும் குறைந்தால் கோளாறு லைனில். அளவையும் நேரத்தையும் குறித்து, மின்சார அலுவலகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வாடிக்கையாளருக்கு உதவுங்கள்.