கல் அறுக்கும்போது பறக்கும் தூசி... பிளேடிலேயே மடக்குவது எப்படி?

புது வீட்டில் டைல்ஸ் வேலை நடந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். ஒரு பக்கம் மிஷின் சத்தம், இன்னொரு பக்கம் வாசல்வரை புகைபோலக் கிளம்பும் வெள்ளைத் தூசி. அறுப்பவரின் தலை, புருவம், சட்டை எல்லாம் மாவு கொட்டியதுபோல் இருக்கும். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. சாயங்காலம் குளித்தால் எல்லாம் போய்விடும் என்பது நம்பிக்கை. ஆனால், எந்தத் தண்ணீராலும் கழுவ முடியாத இடத்துக்குப் போய்ச் சேரும் தூசியும் இதில் இருக்கிறது.

தருமபுரிக்கும் கல்லுக்கும் உள்ள உறவு

தருமபுரி மாவட்டத்தில் கல் வேலை புதிதல்ல. பென்னாகரம், அரூர், பாலக்கோடு பகுதிகளில் உயர்தரக் கறுப்பு கிரானைட் கிடைக்கிறது. பென்னாகரம், அரூர் பக்கம் குவார்ட்ஸ் கனிமமும் உண்டு. சிக்கலே இந்த குவார்ட்ஸில்தான் இருக்கிறது.

குவார்ட்ஸ் என்பது சிலிக்காவின் படிக வடிவம். சாம்பல், சிவப்பு நிற கிரானைட் கற்களில் கால் பங்குக்கு மேல்கூட இது இருக்கும். கறுப்பு கிரானைட் என்று விற்கப்படும் கற்களில் பல டோலரைட் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் குவார்ட்ஸ் குறைவு. மார்பிளில் இன்னும் குறைவு. டைல்ஸ், செங்கல், கான்கிரீட் மூன்றிலும் சிலிக்கா உண்டு. சமையல் மேடைக்கு இப்போது பலரும் கேட்கும் செயற்கை குவார்ட்ஸ் ஸ்லாப்பில் 90 சதவிகிதத்துக்கு மேல்கூட இருக்கும். இந்த ஸ்லாப்பை அறுத்த இளம் தொழிலாளர்களுக்கே நுரையீரல் கெட்டதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்துவிட்டது.

உளிக்கும் மிஷினுக்கும் என்ன வித்தியாசம்?

உளியால் கொத்தும்போது பெரும்பாலும் சில்லுகள் தெறிக்கும், கீழே விழும். நாலு இன்ச் கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கும் மேல் சுற்றுகிறது. அந்த வேகத்தில் கல், மாவைவிட மெல்லிய துகளாகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கி, சளியோடு வெளியே வந்துவிடும். 10 மைக்ரானுக்கும் குறைவான துகள் அப்படி நிற்காது. தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். வெறும் கண்ணுக்குத் தெரியாத இந்த நுண்துகள் பல மணி நேரம் காற்றில் மிதக்கும். மூச்சோடு போய் நுரையீரலின் காற்றுப்பைகளில் தங்கிவிடும்.

அங்கே உடலின் காவல் செல்கள் அதை விழுங்கப் பார்த்துச் செத்துப்போகும். அந்த இடம் தழும்பாகும். தழும்பு கூடக் கூட நுரையீரல் இறுகும். இதுதான் சிலிகோசிஸ். இந்தத் தழும்பை ஆற்ற மருந்து கிடையாது. பெரும்பாலும் 10 வருடங்களுக்கு மேல் வேலை பார்த்த பிறகே தெரியவரும். தூசி மிக அதிகமாக இருந்தால் சில வருடங்களிலேயே வரும். வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சிரைப்பு, எடை குறைவு ஆகியவை இதன் அறிகுறிகள். காசநோய்க்கும் இதே அறிகுறிகள்தான் என்பதால் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, சிலிக்கா தூசியையும் மரத்தூசியையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. தச்சு வேலைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

அமெரிக்காவில் 2016-ம் ஆண்டு கொண்டுவந்த விதிப்படி, 8 மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றில் சராசரியாக 50 மைக்ரோகிராம் சிலிக்காவுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு கிராமை இருபதாயிரம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவுதான் இது.

எப்படி அடக்குவது?

தூசி காற்றில் கலந்த பிறகு அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. கிளம்பும் இடத்திலேயே மடக்க வேண்டும்.

* அறுக்காமலே உடைக்கலாம்: நேர்கோட்டு வெட்டுக்கு, கையால் கீறி உடைக்கும் டைல் கட்டர் போதும். அதில் தூசி கிட்டத்தட்ட இல்லை.

* தண்ணீர்: தண்ணீர்க் குழாய் பொருத்தும் வசதியுள்ள மார்பிள் கட்டர்கள் கடையில் கிடைக்கின்றன. பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் தண்ணீர் விடாமல் விழ வேண்டும். முன்கூட்டியே கல்லை நனைத்து வைப்பது மட்டும் போதாது. சாதாரண கிரைண்டரில் பாட்டிலால் தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. மோட்டாரில் தண்ணீர் இறங்கினால் ஷாக் அடிக்கும். தண்ணீர் வசதியுள்ள மிஷினையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இருக்கும் இணைப்பில்தான் ஓட்ட வேண்டும்.

* வேக்கூம்: வயரிங்குக்காகச் சுவர் வெட்டும்போது தண்ணீர் விட முடியாது. அங்கே பிளேடைச் சுற்றி மூடும் உறையும், அதோடு சேர்ந்த ஹெப்பா ஃபில்டர் வேக்கூம் கிளீனரும் தேவை. சாதாரண வீட்டு வேக்கூம், பெரிய தூசியைப் பிடித்துக்கொண்டு நுண்துகளைப் பின்பக்கமாக ஊதிவிடும். மரம் தேய்க்கும் சாண்டரிலும் பையை மட்டும் நம்பாமல் வேக்கூம் குழாயை மாட்டுவது நல்லது.

* காற்றின் திசை: முடிந்தவரை வெட்டவெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று அறுக்க வேண்டும். உள்ளே அறுத்தே ஆக வேண்டுமென்றால் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலில் வெளிப்பக்கம் ஊதும்படி ஒரு ஃபேனை வைக்கலாம். குழந்தைகளும் முதியவர்களும் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது.

* மாஸ்க்: இது கடைசி அரண்தான். துண்டும் துணி மாஸ்க்கும் நுண்துகளைத் தடுக்காது. குறைந்தபட்சம் என்95 வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் இடைவெளி விழும், பயன் குறையும்.

* சுத்தம் செய்வது: காய்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்கினால் மறுபடி மூக்குக்கே வரும். தண்ணீர் தெளித்துத் துடைக்க வேண்டும். அறுத்த சேற்றைக் காய்வதற்குள் அள்ளிவிட வேண்டும், காய்ந்தால் அதுவும் தூசிதான். கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதிக்கொள்வது பட்டறைகளில் பார்க்கும் தப்பான பழக்கம். வேலைத் துணியை வீட்டுக்குக் கொண்டு போகாமல் அங்கேயே மாற்றுவது, வீட்டில் இருப்பவர்களையும் காப்பாற்றும்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியது

நாள்பட்ட இருமலுக்கு மருத்துவமனை போகும்போது, 'கல் அறுக்கும் வேலை, இத்தனை வருஷமாக' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எக்ஸ்ரேயைப் பார்க்கும் டாக்டருக்கு அந்த ஒரு தகவல் பெரிய துப்பு. காசநோய் மாத்திரை முடித்தும் இருமல் நிற்கவில்லை என்றால் மறுபடியும் இதைச் சொல்வது அவசியம்.

இந்தியாவில் 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சிலிகோசிஸ் இடம்பெற்றது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் அது இருந்தது. கல் குவாரிகள் நிறைந்த ராஜஸ்தான், 2019-ம் ஆண்டு இந்த நோய்க்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதியுதவி அறிவித்தது. ஆனால் இன்று ஒரு வீடு, நாளை ஒரு வீடு என்று தினக்கூலிக்குப் போகும் டைல்ஸ் மேஸ்திரியிடம் எந்தக் கம்பெனியின் அடையாள அட்டையும் இருப்பதில்லை. இருபது வருடம் கழித்து வரும் நோய்க்கு அவர் எந்த முதலாளியைக் கைகாட்டுவார்?

அதனால் வீடு கட்டுபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சதுர அடிக்கு எவ்வளவு என்று ரேட் பேசும்போதே, 'தண்ணீர் விட்டுத்தானே அறுப்பீங்க அண்ணே?' என்று கேட்டுவிடலாம். தண்ணீர் விட்டால் வேலை கொஞ்சம் மெதுவாகும், தரை சேறாகும், கூலியும் சற்றுக் கூடலாம். மொத்த டைல்ஸ் செலவில் அது மிகச் சின்னத் தொகை. அதைச் சேர்த்துக் கொடுத்தால், அறுப்பவரின் நுரையீரலோடு அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர்களின் நுரையீரலும் தப்பிக்கும்.