தொலைக்காட்சி பார்க்க இணையமும் வாங்கத்தான் வேண்டுமா?

தோட்டத்து லயங்களுக்கும், தோட்டத்தை ஒட்டிய தாமான்களுக்கும் இப்பொழுது ஒரு புது வகை வியாபாரி வந்து போகிறார். அவர் தோளில் துணி மூட்டை கிடையாது. கழுத்தில் ஓர் அட்டையும் கையில் ஒரு கைப்பேசியுமே உண்டு. சம்பள நாள் எது என்பதை நம் கிராணிமார்களைவிடத் திட்டமாக அவர் அறிந்து வைத்திருக்கிறார். தமிழ் நாடகமும் படமும் பார்க்க வேண்டும் என்று கேட்கும் குடும்பத்தாரிடம், "தொலைக்காட்சி மட்டும் தனியாகக் கிடையாது அக்கா, எங்கள் வீட்டு இணையத்தையும் சேர்த்து எடுத்தால்தான் கிடைக்கும்" என்கிறார். அடையாளக் கார்டைப் படம் பிடித்துக்கொள்கிறார். கைப்பேசியிலேயே விரலால் ஒரு கையெழுத்து. அந்தக் குடும்பம் 24 மாதத்திற்குக் கட்டுப்பட்டுவிட்டது.

அவர் சொல்வது உண்மைதானா? சில இடத்தில் பாதி உண்மை. பல இடத்தில் முழுப் பொய். இதை நம் தோழர்கள் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வாரம் இதை எழுதுகிறோம்.

படம் வீட்டுக்கு வரும் வழி ஒன்றல்ல. 1996-இல் ஆஸ்ட்ரோ தொடங்கியபோது கூரையில் ஒரு தட்டு வைத்தார்கள்; செயற்கைக்கோளிலிருந்து படம் நேரே இறங்கியது. அதற்குக் கம்பியும் வேண்டாம், இணையமும் வேண்டாம். இன்றும் அந்தத் தட்டுச் சேவையைத் தனியாக எடுக்கலாம். பெரிய சாலையிலிருந்து பல கல் உள்ளே ஒதுங்கிக் கிடக்கும் டிவிஷனில்கூட வானம் தெளிந்திருந்தால் படம் வரும். பெருமழை பிடித்துவிட்டால் நின்றுபோகும் என்பது அனைவரும் அறிந்ததே. மழையில் மரமும் பால் தராது, தட்டும் படம் தராது. பில் மட்டும் நனையாமல் வந்து சேரும்!

இரண்டாவது வழி கண்ணாடி இழை. 2010-இல் டெலிகோம் மலேசியா தன் யூனிஃபை சேவையைத் தொடங்கியபோது, ஹிப் டிவி என்ற தொலைக்காட்சியும் அதே இழையில் சேர்ந்து வந்தது. 2018-இல் அதற்கு யூனிஃபை டிவி என்று பெயர் மாற்றினார்கள். அந்தப் பெட்டிக்கு வரும் படம் பொது இணையத்தில் அலைந்து திரிந்து வருவதில்லை. கம்பெனி தன் சொந்த இழைக்குள்ளேயே அதற்கென்று தனித் தடம் போட்டு அனுப்புகிறது. ஒரே வாய்க்காலில் இரண்டு மடை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இழை வராத வீட்டில் அந்தப் பெட்டி வெறும் பெட்டிதான். 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ரீடிஃப்யூஷன் கம்பி வானொலியும் இப்படித்தான்: மாதச் சந்தா கட்டத் தயாராக இருந்தாலும், கம்பி வந்த வீட்டுக்கே பாட்டு வந்தது. ஆகவே இந்த வழியில் இரண்டும் சேர்ந்து நிற்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால், மூன்றாவது வழி வந்த பிறகு அந்தக் காரணம் எங்கே போயிற்று? கைப்பேசியிலும் புதுவகைத் தொலைக்காட்சிப் பெட்டியிலும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, யாருடைய இணையமானாலும் அதன் வழியே பார்ப்பது இப்பொழுது வழக்கமாகிவிட்டது. யூனிஃபை இணையம் எடுக்காதவர்களும் செயலி வழியாக அதன் தொலைக்காட்சியைப் பார்க்கும் ஏற்பாட்டை அதே கம்பெனி கொண்டுவந்தது. ஆஸ்ட்ரோ 2021-இல் சூக்கா என்ற செயலியைத் தனியாகவே விற்பனைக்கு விட்டது. இப்படியிருக்க, "எங்கள் இணையம் இல்லாவிட்டால் படமே கிடையாது" என்று ஒருவர் சொன்னால், எந்த வழியைப் பற்றிப் பேசுகிறார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

உரிமை என்று நாம் சும்மா சொல்லவில்லை. 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் 136-ஆம் பிரிவு என்று ஒன்று எழுதப்பட்டது. உரிமம் பெற்ற ஒரு நிறுவனம் ஒரு சேவையைத் தருவதற்கு, மற்றொரு சேவையையும் வாங்கியே தீரவேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது என்பதே அதன் சாரம். 2010-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இந்தத் துறையைத் தொடாமல் விட்டதற்கும், இந்தத் துறைக்கென்று தனியே இத்தகைய பிரிவுகள் இருந்ததே காரணம். நம் வாசலுக்கு வரும் விற்பனையாளருக்கு இது தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எடுத்தால் விலையைக் குறைத்துத் தருகிறேன் என்பது வேறு. சேர்த்து எடுக்காவிட்டால் ஒன்றுமே கிடையாது என்பது வேறு. முன்னது வியாபாரம். அரிசி வாங்க வந்தவனிடம் மிளகாய்த்தூளையும் வாங்கினால் பத்துக் காசு குறைப்பேன் என்று கடைக்காரர் சொல்லலாம். மிளகாய்த்தூள் வாங்காதவனுக்கு அரிசி இல்லை என்று சொன்னால் அது கட்டாயம். நம்மவர்களில் பலர் கையெழுத்துப் போட்டது முதல் வகைத் தாளில்; ஆனால் அவர்கள் காதில் விழுந்தது இரண்டாம் வகைப் பேச்சு.

ஒரு வெட்டுத் தொழிலாளிக்கு இது எத்தனை கனமான சுமை என்று கணக்குப் பார்ப்போம். கணக்கெழுதுவதே நம் தொழில். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி சொச்சம். சேர்த்துக் கட்டிய பில் மாதம் 130 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், மாதம் இரண்டு நாள் வெட்டு அதற்கே சரியாகிவிடும். 24 மாதத்திற்கு 3,120 வெள்ளி, அதாவது 48 நாள் உழைப்பு. இந்தத் தொகையில் இணையத்தின் பங்கு எவ்வளவு, படத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்வார்கள்? வரியிலும் வித்தியாசம் உண்டு. 2024 மார்ச்சில் சேவை வரி பொதுவாக 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆக ஏறியபோது, தொலைத்தொடர்பு உள்ளிட்ட சில சேவைகளுக்கு ஏற்றாமல் 6-லேயே விட்டார்கள். பிரித்துக் காட்டாத பில்லில் இதையெல்லாம் எப்படிச் சரிபார்ப்பது?

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பட்டணத்துக்காரனுக்கு வீடு அவனுடையது, அல்லது வாடகை கட்டும் வரையில் அவனுடையது. தோட்டத் தொழிலாளிக்கோ வேலை நின்றால் வீடும் நின்றது. கையில் 24 மாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு பதினோராம் மாதம் லயத்தைக் காலி செய்கிறவன் என்ன செய்வான்? தட்டையும் பெட்டியையும் கழற்றிப் போகிற இடத்தில் மாட்டிக்கொள்ள வழியுண்டு. இழை போகிற இடத்துக்கெல்லாம் வராது. தோட்டத்துச் சாலை தனியார் நிலம். நிர்வாகம் இடம் கொடுக்காமல் இழை உள்ளே நுழையாது. இடையில் முறித்தால் மீதி மாதங்களுக்குத் தண்டம் கேட்கிறார்கள். இழை இல்லாத லயங்களில் கம்பியில்லா மோடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு அதையும் வீட்டு இணையம் என்றே விற்கிறார்கள். கோபுரம் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தால் அந்த மோடம் பச்சை விளக்கு எரியும் ஓர் அலங்காரப் பொருளே.

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று நம்பி வருகிற தொழிலாளிக்காக உங்கள் பெயரிலேயே சேவை எடுத்துக் கொடுக்காதீர்கள். பெயர் யாருடையதோ கடன் அவருடையது. தாளைப் படித்துச் சொல்லுங்கள். அந்த உதவியே பெரிது.

செயலி வழியாகப் பார்க்கலாம் என்று சொன்னோமே, அதிலும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கக் கூடாது. தெளிவான படத்திற்கு மணிக்குச் சுமார் 3 ஜிபி வரை கரையும். சாதாரணப் படத்திற்கு ஏறத்தாழ 1 ஜிபி. இரவுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 60 முதல் 180 ஜிபி. கைப்பேசியின் ஒதுக்கீடு மாதப் பாதியிலேயே தீர்ந்துபோகும். பிறகு பிள்ளையின் பள்ளிப்பாடத்திற்கு மிச்சமிருக்காது.

ஆகையால் நமது அபிப்பிராயம் இதுதான். லயத்தில் இருப்பவருக்குத் தட்டுச் சேவை மட்டுமே போதும். சந்தாவே வேண்டாம் என்பவருக்கு 2012-இல் வந்த என்ஜாய் இருக்கிறது; தட்டுக்கும் பெட்டிக்கும் ஒருமுறை பணம் கட்டினால் மாதச் சந்தா கிடையாது, வேண்டிய அலைவரிசையை வேண்டிய நாளுக்கு வாங்கிக்கொள்ளலாம். தரைவழி அலை எட்டுகிற இடங்களில் 2017-இல் தொடங்கிய மைஃப்ரீவியூவில் டிவி2-இன் தமிழ்ச் செய்தியும் மின்னல் பண்பலையும் இலவசமாகவே வருகின்றன. தாமானில் குடியேறி, இழையும் வந்து, வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் நிலைமை வேறு. அங்கே இணையத்தை முதலில், அதன் தரத்தையும் விலையையும் பார்த்து எடுக்க வேண்டும். படத்தைப் பிறகு பார்க்கலாம். சேர்த்து எடுப்பதே மலிவு என்று வாலிபர்கள் வாதிடுகிறார்கள். இரண்டும் வேண்டியவனுக்கு அது மலிவே. ஒன்று மட்டும் வேண்டியவனுக்கு மற்றொன்று எத்தனை மலிவாக இருந்தாலும் வீண் செலவு.

கம்பெனிகளிடம் நாம் கேட்பது பெரிதல்ல. தனி விலை, சேர்த்த விலை, இடையில் முறித்தால் தண்டம் ஆகிய மூன்றையும் கையெழுத்துக்கு முன்பே, தமிழிலும் மலாயிலும், தாளில் தர வேண்டும். ஏமாந்தவர்கள் முதலில் கம்பெனியிடம் புகார் கொடுத்துப் புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் 2001 முதல் இயங்கிவரும் தொடர்பு, பல்லூடகப் பயனீட்டாளர் மன்றத்திடம் கொண்டு செல்லலாம். அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. "தனியாகக் கிடையாது" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கப்பட்ட தோழர்களின் ஒப்பந்த நகல்களை, தேதியும் தோட்டத்தின் பெயரும் குறித்து, அடுத்த கிளைக் கூட்டத்திற்குள் சேர்த்து அனுப்புமாறு கிளைச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.